செம்புக் கம்பி சுற்றிய கைப்பிடி

கங்காவின் வீட்டுக் கதவுக் கைப்பிடி முறிந்து கையோடு வந்தபோது, பக்கத்து டிவிஷனில் ஆள் மேய்க்கும் மண்டோரைச் சுட்டுப்போட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

ரப்பர்ப் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து கதவை இழுத்தாள். துருப்பிடித்த இரும்பு கழுத்தோடு முறிந்தது. உள்பக்கம் தாழ்நாக்கும் தரையில் விழுந்தது. கதவு தானாகவே ஒரு சாண் திறந்துகொண்டு நின்றது. வேறு காலமாயிருந்தால் சிரித்திருப்பாள். இப்போது அந்த ஒரு சாண் இருட்டைப் பார்த்து வயிற்றில் கைவைத்துக்கொண்டாள். நாலு மாதம்.

அது ஐம்பத்தொன்றாம் வருஷம். மலாயாவில் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஆறு மைல் உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தைத் தமிழ் ஆட்கள் பாலத்தடித் தோட்டம் என்பார்கள். அவசரகாலம் வந்த பிறகு ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்து, அங்கே சிறப்புக் காவலர்களைத் துப்பாக்கியோடு நிறுத்தியிருந்தார்கள். காலையில் வெளியே போகிற ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் விடுவார்கள். ஒரு பிடி அரிசி, ஒரு மாத்திரை, மரம் சீவும் வெட்டுக்கத்தியைத் தவிர வேறு இரும்பு எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது காட்டில் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்று பொருள். அப்படிப் பிடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு போன லோரி திரும்பி வந்ததில்லை.

பக்கத்து டிவிஷனுக்கு இன்னும் வேலி வரவில்லை. அதனால்தான் காட்டிலிருந்து வந்தவர்கள் மண்டோரின் கதவைப் பட்டப்பகலில் தட்டி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, வாசலிலேயே சுட்டார்கள்.

"வேலி இருக்குல்ல, இங்க எவன் வரப்போறான்?" என்றான் அவள் புருஷன் சோமு. தோட்டத்துப் பேக்டரியின் புகைக்கொட்டகையில் வேலை அவனுக்கு.

"வேலி அவங்களுக்கு. கதவு எனக்கு" என்றாள் கங்கா.

ஆபீசில் சொன்னால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். ஓட்டையில் கயிறு கோத்து ஆணியில் கட்டி வைத்தாள். காற்றடித்தால் கயிறு இழுபடும். அந்தச் சத்தத்துக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்தாள்.

நாலாம் நாள் சோமு இடுப்புத் துண்டில் சுற்றி ஒரு பித்தளைக் கைப்பிடி கொண்டுவந்தான். தாழ்ப்பாள் பெட்டியும் சேர்ந்தே இருந்தது. கைப்பிடியின் கழுத்தில் எப்போதோ ஒரு விரிசல் விட்டு, அதன்மேல் யாரோ செம்புக் கம்பியை நெருக்கமாக, ஒரு சுற்றுக்கும் இன்னொரு சுற்றுக்கும் நடுவில் மயிரிழை இடமில்லாமல் சுற்றியிருந்தார்கள். சோமு கதவைக் குடைந்து அதைப் பொருத்தினான். சாத்தியபோது 'டொக்' என்று விழுந்தது. கங்காவுக்கு அந்தச் சத்தம் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. ஒரே குறை, திறக்கும்போது சிக்கிக்கொள்ளும். இரண்டு தரம் உலுக்கி, தோளால் ஒரு இடி இடித்தால்தான் வரும்.

"எங்க கெடச்சது?"

"ஆத்தோரம் சீனவங்க வீடு பிரிச்சமே, அங்க."

ஆற்றோரம் காய்கறி போட்டுப் பிழைத்த சீனக் குடும்பங்களை காட்டுக்குச் சாப்பாடு போகாமலிருக்க ராணுவ லோரியில் ஏற்றி, வேலி போட்ட புதுக்கிராமத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆளில்லாத வீடுகளைப் பிரித்துக் கொளுத்தத் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு பேரை அனுப்பச் சொல்லி உத்தரவு. சோமுவும் போனான்.

"அடுத்தவங்க வீட்டுப் பொருளாச்சே."

"நெருப்புல போறத எடுத்தேன். நெருப்பு வந்து கேக்குமா?"

கங்கா அதற்குமேல் கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

பதின்மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி, பால் வாளியைக்கூட இறக்காமல் வந்து நின்றாள். 

"எட்டாம் நம்பர் காட்டுல ஒரு மரத்துல நோட்டீஸ் அடிச்சிருக்கானுங்கடி. தமிழ்லயும் சீனத்துலயும்."

"என்னன்னு?"

"ஆத்தோர வீட்டுலேர்ந்து எடுத்தவங்க யாரு யாருன்னு தெரியுமாம். ஒவ்வொரு வீடா வந்து கேப்பாங்களாம்." குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டு ஆளு ரெண்டு தகரம் கொண்டாந்திருந்தாரு. இப்பத்தான் கோழிக்கூட்டுக்கு அடியில பொதைச்சிட்டு வர்றாரு."

சோமுவிடம் சொன்னபோது அவன் சிரிக்கத்தான் பார்த்தான். "அவனவன் தகரமே எடுத்திருக்கான். நான் எடுத்தது ஒரு கைப்பிடி."

"சுடறவன் தராசுல நிறுத்துப் பாத்தா சுடுவான்?"

 அவன் கழற்றவில்லை. கழற்றினால் கதவில் ஓட்டை. வைத்திருந்தால் வெளியே பளபளவென்று சாட்சி. கங்கா அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்துப் பித்தளைமேல் பூசினாள். மறுநாள் கைபட்டுக் கைபட்டு அது பழையபடி மின்னியது.

அந்த வாரம் புல்வெட்ட வெளிக் கூலிகள் வந்தார்கள். புதுக்கிராமத்துச் சீனப் பெண்கள் பதினைந்து பேர். பத்து மணிக்கு ஒரு தரம், பிற்பகலில் ஒரு தரம், வாசலில் சோதனை முடித்து லயத்துக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க வருவார்கள். அவர்களில் ஐம்பது வயதுக்காரி ஒருத்தி, நீலச் சட்டை, தலையில் ஓலைத்தொப்பி, கங்காவின் கதவுக்கு நேரே வந்ததும் நின்றாள். கூட வந்தவர்கள் நடந்துவிட்டார்கள். அவள் மட்டும் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலை முடிந்து வந்திருந்த கங்கா அதைச் சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். மறுநாளும் அவள் நின்றாள். அதற்கு மறுநாள் ஒரு அடி கிட்டே வந்து நின்றாள்.

சனிக்கிழமை கங்காவுக்கு மரத்தடியிலேயே தலை சுற்றி வாந்தி வந்தது. மண்டோர் நல்லசாமி வீட்டுக்குப் போகச் சொன்னார். ஆண்கள் பெண்கள் எல்லாரும் பால் எடுக்கும் வெட்டுக்காட்டில். லயம் முழுக்க வெறிச்சோடிக் கிடந்தது. கதவைச் சாத்திப் படுத்தவள், குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் எழுந்து அடங்குவதைக் கேட்டாள். பிறகு செருப்பில்லாத காலடி. அது தன் வாசலில் நின்றது.

கைப்பிடி அசைந்தது.

உலுக்கலில்லை, இடியில்லை. கைப்பிடி ஒரு விரற்கடை மேலே எழும்பியது, பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது. பெட்டிக்குள் நாக்கு சத்தமே இல்லாமல் உள்வாங்கியது. இத்தனை நாள் அவளிடமும் சோமுவிடமும் முரண்டு பிடித்த கதவு எண்ணெய் போட்ட மாதிரி திறந்தது.

கங்கா பாயிலிருந்து எழுந்தாள். கையில் அகப்பட்டது வெட்டுக்கத்தி. அதைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

வாசலில் நீலச் சட்டைக்காரி. கத்தியைப் பார்த்தாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"ஜாங்ஙான் தாக்குட்" என்றாள். பயப்படாதே என்று சந்தை மலாயில். பிறகு கைப்பிடியைத் தொட்டு, "அங்காட் டுலு" என்று தூக்கிக் காட்டினாள். முதலில் தூக்க வேண்டும்.

கங்கா கத்தியைத் தாழ்த்தவில்லை. தெரிந்த மலாயில், "நான் எடுக்கல. நெருப்புல போட்டாங்க. நெருப்புலேர்ந்து வந்தது" என்றாள்.

அந்த அம்மாள் தலையாட்டினாள். செம்புக் கம்பியைக் கட்டைவிரலால் தடவினாள். "எங்க வீட்டுக் கெழவர் சுத்துனது. இப்ப அவர் இல்ல." லோரி போன திசையைக் காட்டுவதுபோல் கையை வீசினாள். எப்படி, எங்கே என்று சொல்லவில்லை. "இது எனக்கு வேணும்."

"எடுத்துக்குங்க. இப்பவே எடுத்துட்டுப் போங்க."

அவள் வேலி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்துக் காட்டினாள். சீனக் கூலியின் கூடையில் தோட்டத்து இரும்பு இருந்தால் விலங்குதான். "திங்கக்கிழமை நாங்க மூணாம் நம்பர்ல, ஓடை ஓரம். நீ கொண்டா."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். கேட்டாளா, மிரட்டினாளா என்று கங்காவுக்கு விளங்கவில்லை. அவளுக்குப் பிள்ளைகள் உண்டா, உண்டென்றால் அவர்கள் புதுக்கிராமத்தில் இருக்கிறார்களா, காட்டில் இருக்கிறார்களா? கேட்கத் துணிவில்லை. காட்டில் என்றால் மறுப்பதும் ஆபத்து, கொடுப்பதும் ஆபத்து.

சோமுவிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பான். திங்கட்கிழமை விடியலில் அவன் பெரட்டுக்குப் போய் ஆள் கணக்கு கொடுத்த பிறகு, கத்திமுனையால் திருகாணிகளைக் கழற்றினாள். கைப்பிடியைப் பால் வாளியின் அடியில் வைத்து, மேலே துடைக்கிற துணியைத் திணித்தாள். வரிசையில் போய் நின்றாள்.

வாசலில் காவலுக்குக் காப்ரியல். தமிழ்ப் பையன்தான், ரவாங் பக்கம் சுங்கை சோவிலிருந்து வந்தவன், ஞாயிறு தவறாமல் ஜெபம் சொல்கிறவன். துப்பாக்கி வந்த பிறகு யாரோடும் அதிகம் பேசுவதில்லை. மற்றவர்கள் வாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனார்கள். அவள் முறை வந்தபோது கவிழ்க்க மறந்து நின்றாள்.

காப்ரியல் துணியை இழுத்தான். பித்தளை விடியல் வெளிச்சத்தில் மின்னியது.

"இது என்ன?"

"கதவுக் கைப்பிடிண்ணே."

"அது தெரியுது. எங்க போவுது?"

"பேக்டரிக்கு. கழுத்துல விரிசல். பத்தவைக்கலாம்னு."

"பேக்டரிக்கு உன் வீட்டுக்காரன் தெனம் போறான்லா. அவன்கிட்ட குடுத்தா ஆகாதா?"

"மறந்துட்டுப் போயிட்டாரு."

காப்ரியல் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பக்கத்தில் இருந்த மலாய்க் காவலரிடம் ஏதோ சொன்னான். அவர் லயத்துப் பக்கம் நடந்தார், கதவைப் பார்க்க. கங்காவை ஓரமாக நிறுத்தினான். அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். எவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. புஷ்பவள்ளிகூட வாளியை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி போனாள். கங்கா அதற்காக அவளைக் குறை நினைக்கவில்லை. தானும் அப்படித்தான் போயிருப்பாள்.

காப்ரியல் கைப்பிடியைக் காதோரம் ஆட்டிப் பார்த்தான். கம்பியை நகத்தால் நெம்பினான்.

"உள்ள சீட்டு கீட்டு இருக்கா?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல."

அவன் கம்பியின் முனையைக் கண்டுபிடித்து அவிழ்க்கத் தொடங்கினான். சுற்று சுற்றாக, அவசரமில்லாமல். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பான். பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிச் சுற்றும் வந்துவிட்டது. கீழே விரிசலைத் தவிர ஒன்றுமில்லை.

போனவர் திரும்பி வந்து, கதவில் ஓட்டை இருக்கிறது, கைப்பிடி இல்லை என்றார்.

காப்ரியல் கைப்பிடியையும் கம்பியையும் தனித்தனியாக வாளியில் போட்டான். "போ" என்றான். நாலடி போன பிறகு, "கங்கா" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் அப்படியே நின்றாள். "சீக்கிரம் சரி பண்ணு. கதவு இல்லாம இருக்கக் கூடாது" என்றான். அவ்வளவுதான்.

மூன்றாம் நம்பர் ஓடையோரம் நீலச் சட்டைக்காரி தனியாகக் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்தாள். கங்கா சுற்றும் பார்த்தாள். மரங்களுக்கு நடுவில் யாரும் இல்லை, அல்லது தெரியவில்லை. வாளியைச் சாய்த்தாள். கைப்பிடி புல்லில் விழுந்தது. நெளிந்து கிடந்த கம்பியை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"வாசல்ல... அவுத்துட்டாங்க."

அந்த அம்மாள் கம்பியைப் பார்த்தாள்.  கங்கா ஒரு அடி பின்னால் போனாள். திட்டுவாள், கத்தியை எடுப்பாள், சீட்டி அடித்து யாரையோ கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் புல்லில் உட்கார்ந்து, கைப்பிடியை முழங்காலில் அழுத்தி, கம்பியை மறுபடி சுற்றினாள். முறுக்கேறிய கம்பி சொன்னபடி கேட்கவில்லை. இடைவெளி விட்டு, கோணலாக ஏறியது. பல்லால் இழுத்து முனையை மடக்கினாள்.

"தா ஆபா" என்றாள். பரவாயில்லை. சட்டைக்குள் செருகிக்கொண்டு புல்வெட்டுக் கத்தியை எடுத்தாள். அதைப் புதுக்கிராமத்து வாசலில் எப்படிக் கடத்தப்போகிறாள் என்று கங்கா கேட்கவில்லை. தெரியாமல் இருப்பதே நல்லது என்று மரத்தைப் பார்க்க நடந்தாள்.

மாலையில் சோமு ஓட்டையைப் பார்த்தான். கங்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கை ஓங்கவில்லை, கத்தவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "காப்ரியல் என்னைக் கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனச்சியா? மறக்கவே இல்லயே, என்கிட்ட குடுக்கவே இல்லயேன்னு சொல்லியிருப்பேன்" என்றான். அதை அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. 

மறுநாள் காட்டுக் கொய்யாக் கட்டையைச் செதுக்கி ஒரு பிடி வைத்தான். தாழ் பாதிதான் விழுந்தது. உள்ளே ஒரு உலக்கையை முட்டுக் கொடுத்தார்கள்.

புல்வெட்டு முடிந்து அந்தப் பெண்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். நோட்டீஸ் சொன்னபடி எந்த வீட்டுக்கும் யாரும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு விடியலிலும் வாசலில் வாளியைக் கவிழ்த்துக் காட்டும்போது காப்ரியல் கேட்பான்:

"கைப்பிடி பத்தவச்சாச்சா?"

"ஆச்சுண்ணே."

அவன் தலையாட்டுவான். தெரிந்து கேட்கிறானா, சும்மா கேட்கிறானா என்று அந்த முகத்தில் எழுதியிருக்காது. வயிற்றுப்பிள்ளைக்கு ஏழாம் மாதம் ஆகி அவள் வேலையை நிறுத்தும் வரை தினமும் கேட்டான். தினமும் அவள் அதே பதிலைச் சொன்னாள்.