கருவியை, கருவியில்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். நாவலூரில் விடியலிலிருந்து மழை விடவில்லை. ஆறாம் மாடிக் கூட்ட அறையின் கண்ணாடியில் அது சீராக அறைந்துகொண்டிருந்தது.

விசாரணைக்கு உரியவள் ஃபைஸா. செங்கல்பட்டுக்காரி, வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் பிரிவில் வேலை. வலக்காது பிறவியிலேயே கேட்காது. இடக்காதுக்குக் கருவி உண்டு. அதன்மேல் அலுவலக ஹெட்போனை மாட்டினால் கீச்சிடும். ஆகவே கருவியையே ப்ளூடூத் வழியாக மடிக்கணினியோடு இணைத்துக்கொண்டாள். இணைக்குமுன் கணினிப் பிரிவில் காட்டி முறைப்படி பதிவும் செய்திருந்தாள். சென்ற மாதம் வாடிக்கையாளர் ஒருவரின் உரையாடல் ஒலிப்பதிவாக வெளியே கசிந்தது. அந்த அழைப்பை எடுத்தவள் ஃபைஸா. அக்கருவியைக் கொண்டு அவள் ஒலிப்பதிவு செய்தாள் என்பது குற்றச்சாட்டு. அது மெய்யென முடிவானால் இந்த வேலை போகும். வேறெவரும் வேலை தரமாட்டார்கள்.

துணைக்கு வந்த தோழி சைதூன் வாசலில் நிறுத்திச் சொன்னாள்: “பேஜாரு பண்ணாத. கேட்டா ஆமா, இல்ல, அவ்ளோதான். கத வுடாத.”

“நான் எப்போடி கத வுட்டேன்?”

“இப்பகூட வுட்டுகினுதான கீற.”

விசாரணை அலுவலர் தர்மராஜ், ஓய்வுக்குப்பின் நிறுவனம் அமர்த்தியவர். ஃபைஸா தமிழில் விசாரிக்கக் கேட்டிருந்தாள்; அவர் ஓர் ஆங்கிலச் சொல்லும் கலவாமல் விசாரித்தார்.

“கருவி சான்றுப்பொருள். கழற்றி மேசைமேல் வையுங்கள்.”

“அது இல்லனா அவளுக்குக் கேக்காது சார்,” என்றாள் சைதூன்.

“உரக்கப் பேசுகிறேன்.”

அவள் கழற்றி வைத்ததும் உரக்கவே பேசினார். மழையினூடே உயிரொலிகள் மட்டும் ஃபைஸாவை எட்டின. எஞ்சியவற்றை அவர் உதட்டில் படித்தாள்.

“இந்தக் கருவியில் பதிவு செய்தீர்களா?”

கருவியைப் பதிவு செய்தீர்களா என்று அவள் விளங்கிக்கொண்டாள். அவள் காத்திருந்த கேள்வி அதுதான்.

“ஆமா சார்.”

“எத்தனை முறை?”

“ஒரு தடவதான் சார். அப்புறம் தேவப்படல.”

சைதூன் எழுந்துவிட்டாள். “சார், அவ ரிஜிஸ்டர் பண்ணத சொல்றா. காது மிஷின்ல எப்டி சார் ரெக்கார்டு பண்றது?”

“தொழில்நுட்பம் என் வரம்பன்று. நான் ‘கருவியில்’ என்று ஏழாம் வேற்றுமையில் கேட்டேன். ஆமாம் என்றார், எண்ணிக்கையும் சொன்னார்.”

“இன்னா வேத்தும சார்? அது அவ காதுலயே வுழல.”

“விழவில்லையெனில் சொல்லியிருக்கலாம்.”

சைதூன் ‘கருவியை’, ‘கருவியில்’ என்று இரண்டு வாக்கியங்களையும் தாளில் எழுதித் தோழியின் முன் தள்ளினாள். படித்த ஃபைஸா, தன் குரலின் அளவு தனக்கே தெரியாமல், அறை அதிரப் பேசினாள்: “இல்ல சார், நீங்க ரிஜிஸ்டர் பண்ணத கேக்கறீங்கன்னு நெனச்சேன். கணினிப் பிரிவுல கேட்டுப் பாருங்க.”

“கேட்டாயிற்று. கருவியைப் பதிவு செய்திருக்கிறீர்கள். பதிவு செய்த கருவியிலும் பதிவு செய்யலாம்.” விசாரணையைப் பதிந்துகொண்டிருந்த தட்டச்சரிடம் திரும்பினார். “பின்னர் விடையை மாற்ற முயன்றார் என்று எழுதுங்கள்.”

பிற்பகல் மூன்று மணிக்குப் பணிநீக்க ஆணை அச்சாகி வந்தது. விடுபட்ட ஓர் ஒற்றெழுத்தைத் தம் கையால் சேர்த்துவிட்டு, தர்மராஜ் ஒப்பமிட்டார். உரியவருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. எழுந்து நின்று, ஒவ்வொரு வேற்றுமை உருபும் தெளிவாக ஒலிக்கப் படித்தார். கருவி முத்திரையிட்ட உறைக்குள் இருந்தது. ஃபைஸா அவர் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவை ஓய்ந்தபின் அவர் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டாள்.