சாணத்தில் வெந்த ரொட்டி

அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் வாளியோடு சாணம் பொறுக்கிய ஒரே நாவலாசிரியை வெர்னா கோல்டர்மன்தான். முதலில் குடியேறியவர்களைப் பற்றி நாவல் எழுதுகிறாளாம். மரமே இல்லாத அந்தப் புல்வெளியில் அவர்கள் காய்ந்த காட்டெருமைச் சாணத்தை எரித்துத்தான் சமைத்தார்கள் என்று அதில் ஓர் அத்தியாயம். காட்டெருமைக்கு எங்கே போவாள்? பண்ணை மாட்டுச் சாணத்தை வைத்துக் கோடை முழுவதும் கொல்லையில் சமைத்துப் பார்த்தாள். தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது.

குடியேறியவர்களின் வாரிசுகள் சங்கத் தலைவி இர்மா ஹோஃப்ஸ்டட் கொதித்துப்போனாள்.

"எங்க கொள்ளுப்பாட்டி சாணத்தத் தொட்டிருப்பாளா? அந்த அத்தியாயத்தத் தூக்கு. இல்லேன்னா ஊர் விழாவுல உன் புத்தகத்துக்குக் கடை கிடையாது, பாத்துக்க!"

புத்தகத்தை வாங்குகிறவர்கள் எல்லாம் அந்த விழாவுக்குத்தான் வருவார்கள். ஆனாலும் ஒரு வரியைக்கூட வெர்னா அடிக்கவில்லை; அப்படியே அச்சிட்டாள்.

விழாவன்று எல்லோரும் சாப்பாடு கொண்டுவந்த பொது மேஜையில், இரும்புச் சட்டியில் சுட்ட ரொட்டியை வைத்தாள். இர்மா மூன்றாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தாள்.

"அடேயப்பா, எங்க அம்மா சுட்ட மாதிரியே இருக்கே! எந்த அடுப்புல வச்ச?"

"வாங்க, காட்டறேன்."

விழாக் கூடாரத்துக்குப் பின்னால், குழியில் சாணம் கனன்றுகொண்டிருந்தது. கூடவே வந்த ஊர், இர்மாவின் வாயையே பார்த்தது. அவள் மெதுவாக மென்று விழுங்கினாள்.

"எங்க கொள்ளுப்பாட்டி கெட்டிக்காரிதான்," என்றாள் கடைசியில். "வெண்ணெய் இருக்கா?"

வெர்னாவுக்கு இர்மாவே ஒரு கடை ஒதுக்கிக்கொடுத்தாள்; மாலைக்குள் புத்தகம் தீர்ந்துபோனது. வாசலில் நின்று விற்றுக்கொடுத்தது இர்மாதான்; அது தன் குடும்பத்துக் கதை என்று சொல்லிச் சொல்லி விற்றாள்.