வடக்கே போகும் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் உணவகத்தின் கழிவறைக் குழியில் சாயம் ஊற்றினார்கள். ஊற்றியவள் மெரிடா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நீரியல் மாணவி ஹிமேனா. ஊற்றச் சொன்னவள் நான்.

அந்தச் சாயப்பொடி டப்பாவில் இருக்கும்போது செங்கல் நிறம். தண்ணீர் பட்டதும் கண் கூசும் பச்சையாகிவிடும். அது விஷமில்லை. எங்கள் பக்கத்தில் ஓர் ஆறுகூடக் கிடையாது. பெய்கிற மழையைச் சுண்ணாம்புப் பாறை அப்படியே குடித்துவிடும், ஆறுகளெல்லாம் காலுக்குக் கீழே இருட்டில் ஓடும். அவை எங்கே போகின்றன என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஓரிடத்தில் சாயத்தை ஊற்ற வேண்டும், எங்கே பச்சை வருகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊரில் யாரும் தங்கள் குழியைக் காட்ட ஒப்புக்கொள்ளவில்லை. நான் மட்டும் கூப்பிட்டு, "என் குழியில ஊத்து" என்றேன். பதினொரு வருடமாகச் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். நிலத்தடித் தண்ணீர் வடக்கே, கடலைப் பார்த்துப் போகிறது என்று வாரம் ஐந்து முறை விளக்குகிறவள் நான். கூரையில் ஓரிடம் இடிந்து விழுந்த நிலத்தடிக் குளமான எங்கள் செனோட்டே தெற்கே இருக்கிறது. அதிலிருந்து அறுநூறு மீட்டர் வடக்கே எங்கள் உணவகம். எங்கள் அழுக்கு அங்கே போக வழியே இல்லை என்பது என் கணக்கு.

அந்த செனோட்டேயை நம்பி இருபத்திரண்டு குடும்பங்கள் கூட்டுறவாகப் பிழைக்கிறோம். அதன் கரையில்தான் ஊர்க் குடிநீர் பம்பும் இருக்கிறது. "எலிகியா கக்கூஸைத் தள்ளிக் கட்டணும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் யாராவது என் பெயரைச் சொல்லி முணுமுணுப்பார்கள். ஹிமேனாவிடமிருந்து ஒரு காகிதம் வாங்கிவிட்டால் அந்தப் பேச்சு ஓய்ந்துவிடும் என்று நினைத்தேன்.

வடக்கே இரண்டு கிணறுகளில் அவள் கரிப் பைகளைக் கட்டித் தொங்கவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத அளவு சாயம் வந்தாலும் கரி பிடித்து வைத்துக்கொள்ளும்.

"செனோட்டேலயும் ஒண்ணு கட்டிடட்டுமா, சேன்யோரா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? பை வீணாப் போகும்" என்றேன்.

என் கொழுந்தன் ஃபிதென்சியோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தான். "அண்ணி வீட்டு கக்கூஸைப் படிக்க மெரிடாவுல இருந்து ஆள் வந்திருக்கு. நம்ம ஊரும் முன்னேறிடுச்சு."

வெள்ளிக்கிழமை எட்டுப் பயணிகள் வந்தார்கள். அவர்களில் மோந்தெர்ரே நகரத்து அறிவியல் ஆசிரியை ரெபேகா கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அப்படிப்பட்டவர்களைத்தான் பிடிக்கும். காலையில் மாயா நகர இடிபாடுகளில் பெரிய கோயிலை விட்டுவிட்டு, அதன் பின்னால் இருக்கும் பழைய மழைநீர்த் தொட்டிக்கு முதலில் கூட்டிப் போனேன். வாய் குறுகி வயிறு அகன்ற குழி. அதைச் சுற்றித் தரையைச் சாய்வாகப் பூசி, விழும் மழையெல்லாம் வாய்க்குள் இறங்கும்படி செய்திருப்பார்கள்.

"உள்ளேயும் பூசியிருக்காங்களே?" என்றார் ரெபேகா, தலையை உள்ளே நீட்டி.

"பூசலைன்னா ஒரு வாரத்துல பாறை குடிச்சிடும். இந்தப் பாறையில எதைக் கொட்டினாலும் நிக்காதுங்க."

"அப்ப இந்த ஊர்ல கொட்டுறதெல்லாம் எங்க போகுது?"

"வடக்கே" என்றேன். கையை நீட்டித் திசையும் காட்டினேன்.

பதினொன்றரைக்கு செனோட்டே வந்து சேர்ந்தோம். படியில் இறங்குவதற்கு முன்னால் எல்லோரும் குளித்தே ஆக வேண்டும். வெயிலுக்குப் பூசும் கிரீம் ஒரு சொட்டு தண்ணீரில் கலந்தாலும் மீன் சாகும் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். அன்று ஒரு புதுமாப்பிள்ளை கழுத்துக்குப் பின்னால் கழுவாமல் நழுவப் பார்த்தார். பிடித்துத் திருப்பி அனுப்பினேன்.

அவரும் அவர் மனைவியும் முதலில் இறங்கினார்கள். கீழிருந்து அந்தப் பெண் கத்தும் சத்தம் கேட்டது. பயந்து ஓடினேன்.

அது சந்தோஷக் கத்தல்.

கூரையிலிருக்கும் ஓட்டை வழியாக வெயில் ஒரே தூணாக இறங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக அது விழும் இடத்தில் தண்ணீர் நீலமாகத் தெரியும், அடியில் கிடக்கும் கற்களை எண்ணலாம். அன்று அடி தெரியவில்லை. வெயில் விழுந்த இடத்திலிருந்து சுவர் வரைக்கும் முழுக் குளமும் பச்சையாக எரிந்தது. கூரையில் தொங்கும் வேர்களில்கூடப் பச்சை வெளிச்சம் ஆடியது.

"உள்ள விளக்கு போட்டிருக்கீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். போன்கள் வெளியே வந்தன. மாப்பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார். பின்னாலேயே இன்னும் மூன்று பேர்.

படியின் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

ஃபிதென்சியோ மிதவைச் சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அந்த வருடம் செனோட்டே காவலும் பம்ப் சாவியும் அவன் பொறுப்பு. முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா அண்ணி? காலையில ஆறு மணிக்குப் படி பெருக்க வந்தேன், இப்படி இருக்கு! ஒன்பது மணி குரூப் ஏறி வரவே மாட்டேன்னுட்டாங்க. மாயா நாள்காட்டிப்படி அம்பத்திரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் இப்படி ஆகும்னு சொல்லிவெச்சேன். நீங்களும் அதையே சொல்லிடுங்க."

காலை ஆறு மணி. செவ்வாய் பத்திலிருந்து வெள்ளி ஆறு வரை அறுபத்தெட்டு மணி நேரம். அறுநூறு மீட்டர். மணிக்கு ஒன்பது மீட்டர் என்று என் மூளை வகுத்து முடித்துவிட்டது. பாறைக்குள் தண்ணீர் இத்தனை வேகமாகப் போகுமா என்று ஒரு கணம் வியந்தேன். அப்படி வியந்தேன் என்பதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினேன். குகை அதைத் திருப்பிக் கத்தியது. "வாயை மூடிக்கிட்டு வாங்க. தண்ணி உள்ள போகக் கூடாது. உடனே!"

ஃபிதென்சியோ என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். பயணிகளுக்குப் புரியக் கூடாதென்று மாயா மொழியில் பேசினான். "என்ன அண்ணி பண்றீங்க? நல்லா ஓடுற பொழப்பைக் கெடுக்காதீங்க."

"இது ஹிமேனாவோட சாயம்."

அவன் தண்ணீரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரி. அது விஷமில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சாயம் விஷமில்லப்பா. அது எங்க இருந்து கிளம்புச்சு?"

சிரிப்பு மட்டும் அவன் முகத்திலேயே மறந்துபோய் ஒட்டியிருந்தது.

"ஆனா அது வடக்கே போகும்னு..."

"சொன்னேன்."

"அப்ப இதுல... உங்க கக்கூஸ்ல போறதெல்லாம்..."

"ஆமா."

மிதவைச் சட்டைகள் அவன் தோளிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. பிறகு அவன் தலையைத் திருப்பிக் குளத்தின் மறுகரைச் சுவரைப் பார்த்தான். பம்பின் குழாய் அங்கேதான் தண்ணீருக்குள் இறங்குகிறது. "காலையில குழாயில பிடிச்சுத்தான் குடிச்சேன்" என்றான். "துணி துவைக்கிற பக்கெட் பச்சையா இருக்குன்னு என் பொண்டாட்டி சொன்னா. சோப்பை மாத்துடின்னு சொல்லிட்டு வந்தேன்." படியோரம் குனிந்து துப்பினான். மறுபடி மறுபடி துப்பினான். பிறகு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பம்பை நிறுத்த ஓடினான்.

ஈரம் சொட்ட நின்ற எட்டுப் பேருக்கும் நான் விளக்க வேண்டியிருந்தது. எப்போதும்போலத் தொடக்கத்திலிருந்து விளக்கினேன்: குழி, பாறை, சாயம், திசை. குரல் மட்டும் என்னுடையதாக இல்லை. சொல்லி முடித்ததும் மாப்பிள்ளையின் மனைவி துண்டால் உதட்டை அழுத்தித் தேய்த்தாள். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ரெபேகாதான் கேட்டார். "எவ்வளவு நாளா?"

"உணவகம் ஆரம்பிச்சு ஆறு வருஷம்."

"ஊர்க்காரங்க இதையா குடிக்கிறாங்க?"

அந்தக் கேள்விக்குள்தான் எல்லாம் இருந்தது. எங்கள் உணவகத்தில் விருந்தினருக்குக் கடையில் வாங்கிய பெரிய புட்டித் தண்ணீர்தான் ஊற்றுவோம். குழாயில் பிடித்துக் குடித்தவர்கள் என் அண்டைவீட்டார். பம்பில் குளோரின் சொட்டும் டப்பா வருடத்தில் பாதி நாள் காலியாகவே கிடக்கும், தெளிவான தண்ணீர்தானே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஊரில் குழந்தைகளுக்கு வயிற்றால் போகும். மாம்பழத்தின் மேல் பழியைப் போட்டு, உப்புக்கரைசல் பொட்டலம் வாங்க சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்போம். நானும் நின்றிருக்கிறேன். ஜூனில்தான் மழை தொடங்கும், பாறைக்குள் இருப்பதையெல்லாம் தள்ளிக்கொண்டு வரும். இதை நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

படியேறி வந்து ஹிமேனாவுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"வடக்கே ரெண்டு பையிலயும் ஒண்ணுமே இல்ல, சேன்யோரா. நேத்துதான் பாத்தேன். சாயம் பத்தலையோன்னு நினைச்சேன்."

"தண்ணி வடக்கேதானே போகணும்?"

"இந்தப் பகுதி முழுக்கப் பாத்தா வடக்கே. ஆனா ஒரு ஊருக்குள்ள, பாறையில எந்தப் பக்கம் விரிசல் இருக்கோ அந்தப் பக்கம்தான் போகும். எனக்கு அது தெரியும். நான் அங்கேயும் பை கட்டியிருக்கணும்." அவள் அழ ஆரம்பித்தாள். "யாரும் குடிக்க வேணாம்னு சொல்லுங்க. முதல்ல அதைச் சொல்லுங்க."

எங்கள் ஊரில் எதையும் சொல்ல ஒரே வழிதான். ஊர் அலுவலகக் கூரையில் நாலு பக்கமும் பார்த்த ஒலிபெருக்கி. யார் வீட்டில் பன்றி வெட்டியிருக்கிறார்கள், யாருடைய நாய் காணோம், எல்லாம் அதில்தான் வரும். பயணிகளை வேனில் பக்கத்து நகரத்துக்கு அனுப்பிவிட்டு அங்கே போனேன். ஃபிதென்சியோ எனக்கு முன்னால் வந்து வாசலில் நின்றான்.

"அண்ணி, பம்ப் ரிப்பேர், யாரும் தண்ணி குடிக்க வேணாம்னு சொல்லிடுங்க. போதும். யார் குழின்னு எதுக்கு? அண்ணன் தன் கையால வெட்டின குழி அது. நாளைக்கு இந்த ஊர்ல நாம நடக்க வேணாமா?"

"பம்ப் ரிப்பேர்னா நாளைக்கு மறுபடி குடிப்பாங்க."

"வேற யார் குழியும் இல்லாம உங்களோடது மட்டுமா வருது? எல்லாருதும்தான் வரும்!"

"அதனாலதான் சொல்லணும். என்னோடது வருதுன்னு தெரிஞ்சாத்தானே அவங்களோடதும் வரலாம்னு யோசிப்பாங்க?"

அவன் விலகவில்லை. ஆனால் நான் உள்ளே போனபோது தடுக்கவும் இல்லை. வாசலிலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

மைக்கைத் தட்டினேன். என் பெயரைச் சொன்னேன். மாயாவில் மெதுவாக, இரண்டு முறை விளக்கினேன். இன்று குழாயில் வருவது என் கழிவறைக் குழியிலிருந்து வரும் தண்ணீர். சாயம் இருப்பதால் இன்று கண்ணுக்குத் தெரிகிறது. சாயம் இல்லாத நாளிலும் இதுதான் வந்திருக்கும். ஆறு வருடமாக. பிடித்து வைத்ததைக் கொட்டிவிடுங்கள். கொதிக்கவைக்காத எதையும் குடிக்காதீர்கள். தண்ணீர் வடக்கே போகிறது என்று உங்களிடமும் சொல்லியிருக்கிறேன். அது தவறு.

நிறுத்தியபோது வெளியே ஒரு சத்தமும் இல்லை. நண்பகலில் எங்கள் ஊர் அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு நெல்மி. இருபது வயது. இடுப்பில் ஆறு மாதக் குழந்தை, கையில் பால்புட்டி. ஃபிதென்சியோவைத் தாண்டிக்கொண்டு நேராக மேசைக்கு வந்து புட்டியை என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, இதைக் கொட்டிடட்டுமா?"

"கொட்டிடு."

"காலையில ஒண்ணு குடிச்சிட்டானே."

"தண்ணியைக் கொதிக்க வெச்சுத்தானே கலக்குற?"

"எப்பவும் வெச்சிடுவேன்."

"அப்ப பயமில்ல. கொதிச்சா கிருமி செத்துடும்" என்றேன். எனக்கு மூச்சு வந்தது. எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும், ஏன் என்று சொல்லத் தொடங்கினேன்.

அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள். "நேத்து கேஸ் தீந்துபோச்சுக்கா. நேத்தும் இன்னைக்கும் அப்படியேதான் கலந்தேன். நேத்து பிடிச்சு வெச்ச தண்ணி, தெளிவாத்தானே இருந்துச்சு. ராத்திரியில இருந்து மூணு தடவை போயிட்டான்."

குழந்தையின் கன்னத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது. அவன் என் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனான். விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அந்த விரலைக்கூட நான் அந்தத் தண்ணீரில்தான் கழுவியிருந்தேன்.

குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தேன். தெரு நெடுகிலும் வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். கையில் குடம், பானை, ஜாடி. எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்தார்கள். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. நெல்மி வந்தபோதும் மைக்கை நான் அணைக்கவே இல்லை.