வெயில் தேடிப் போகும் வீடு

பூவாயியின் புது வீடு மார்கழி மாதத்தில் நடக்கத் தொடங்கியது. அந்த வருஷம் நாகலூரில் மிளகு நன்றாகக் காய்த்திருந்தது, ஏற்காடு பஸ் வழக்கம்போலத் தாமதமாக வந்தது, வீடும் நடந்தது. குற்றம் சொல்வதென்றால் செங்கல்லைத்தான் சொல்ல வேண்டும். அவள் மகன் வசந்த் வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். கரியை எடுத்தபின் குன்று குன்றாகக் குவிந்த கறுப்புக் கழிவை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்த சுரங்கத்தார், ஒருவழியாக அதை அரைத்துச் சுட்டுச் செங்கல் ஆக்கினார்கள். கனம் குறைவு, உறுதி அதிகம். வசந்த் லாரி நிறைய அனுப்பி வைத்தான். காலங்காலமாக இருட்டில் கிடந்த மண் அது, வெயில் கண்டால் சும்மா இருக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. ஏற்காட்டு மார்கழியில் மூடுபனி எங்கே விலகுகிறதோ அங்கேதான் வெயில். வீடு அதைத் தேடிக் கிளம்பிவிட்டது.

பூவாயி காப்பி எஸ்டேட்டில் கூலிகளுக்கு ஒதுக்கும் லைன் வீட்டில் பிறந்தவள். கை ஓய்ந்ததும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். அவள் அப்பன் அப்படித்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான், புருஷனும் அப்படித்தான். அவள் ஒருத்திக்குத்தான் பட்டாவோடு ஒரு துண்டு நிலம் வாய்த்தது. அதில் எழுப்பிய வீடும் நிற்க மாட்டேன் என்றால் வயிறு எரியாதா? அடுப்பில் பால் வைத்தால் பாத்திரம் ஆடியது. சுவர் முனகும்போதெல்லாம் வெளியே ஓடினாள். "நில்லு சாமி, எங்க போற?" என்று பிள்ளையைக் கெஞ்சுவதுபோல வீட்டைக் கெஞ்சினாள். மிளகுக் கொடியானாலும் மாடானாலும் அசையாமல் இருக்க மரத்தோடு கட்டுவதுதான் இந்த மலையின் பழக்கம். அவளும் வடக்கயிறு வாங்கி வீட்டைச் சில்வர் ஓக் மரத்தில் கட்டினாள். மறுநாள் காலையில் மரத்தை வேரோடு இழுத்துக்கொண்டு வீடு எஸ்டேட் வேலிக்குள் நின்றது.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் லாசர் மோசமான ஆளில்லை, ஆனால் வேலி வேலிதான். "பொங்கலுக்குள்ள உங்க எடத்துக்குக் கொண்டு போயிருங்க அக்கா. இல்லீனா லைன் ஊடு மாதிரி பூட்டுப் போட்டுருவோமுங்க" என்றார். பூவாயி அன்று சோறு தின்னவில்லை. உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

கரடியூர் விவசாயி மாதையன் வந்தது அப்போதுதான். ஈரப்பனியில் அவர் காப்பிக்கொட்டை பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"ஏனுங்க அம்மிணி, மொட்டை மாடியில என் கொட்டையக் கொஞ்சம் காயப் போட்டுக்கட்டுமுங்களா?"

"ஊடு நிக்காதுங்களே. போயிட்டே இருக்குது."

"போனா போகுதுங்க. வெயிலோடதான போகுது!"

மாடி முழுக்கக் கொட்டையைப் பரப்பினார்கள். வீடு அன்றைக்கு மெதுவாக நடந்தது, ஒரு கொட்டைகூடச் சிந்தவில்லை. பூவாயி மேலே நின்று பலகையால் கிளறிக்கொண்டே போனாள். பள்ளத்தில் ஊரே வெள்ளையாக மூடிக் கிடக்க, அவள் தலைமேல் மட்டும் சுள்ளென்று வெயில். மாலையில் எஸ்டேட் சங்கு ஊதியது. காப்பிக் காட்டில் பழம் பறித்தவர்கள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு எடை போடத் திரும்பினார்கள். தலையில் சுமை உள்ளவர்கள் சங்கு ஊதினால் திரும்பத்தானே வேண்டும்? வீடும் திரும்பியது. வேலியைத் தாண்டி, பட்டா நிலத்தின் எல்லைக் கற்களுக்கு நடுவே வந்து அடங்கி நின்றது. பூவாயி மாடியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

போகியன்று பூட்டோடு வந்த லாசர் நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தன் வீட்டிலும் கொஞ்சம் மிளகு ஈரமாக இருப்பதாகச் சொன்னார். இப்போதெல்லாம் பனி நாளில் தபால்காரர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "பூவாயி ஊடு இன்னைக்கு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் நடக்கிறார். பூவாயி வடக்கயிற்றை அவிழ்த்துவிட்டாள். மாடியில் குறுக்கே கட்டி, அதில் சேலை காயப் போடுகிறாள்.