கிடா தின்ற கப்பல்

ஒரு இரும்புக் கப்பலின் மேல் வழக்குப் போட்டு, அதற்கு ஒரு கிடாயையும் ஊட்டி, "எடு நூறு ஒட்டகம்" என்று முகத்துக்கு நேரே கேட்டவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். சாதாரணக் கப்பல் இல்லை. அதன் நிழல் கரையில் விழுந்தபோது எங்கள் ஆடுகள் பொழுது சாய்ந்துவிட்டதென்று பட்டிக்குத் திரும்பிவிட்டன.

ஊரில் யாரும் இதை நம்புவதில்லை. இந்தக் கஹியே, அதாவது நான், சொன்னால் பத்தால் வகுத்துக்கொள் என்பது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. நான் கடலுக்குப் போவதை நிறுத்தி ஏழு வருடமாகிறது; நான் பிடித்த சுறாக்கள் மட்டும் வருடத்துக்கு ஒரு முழம் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேநீர்க் கடையில் இந்தக் கப்பல் கதையை எடுத்தால் ஷிர்வா கோப்பையைக் கீழே வைப்பான், "பொய்" என்பான், எழுந்து போய்விடுவான். மற்றவர்கள் பத்தால் வகுப்பார்கள். ஷிர்வா பூஜ்யத்தால் பெருக்குவான். நாற்பது வருடம் என்னோடு ஒரே படகில் வலை இழுத்தவன் அவன்.

போன மாதம் ஷிர்வாவின் மூத்த மகன் குலேத் அந்நிய தேசத்துச் சிறையில் இறந்துவிட்டதாகத் தொலைபேசி வந்தது. கப்பல் கடத்தப் போய்ப் பிடிபட்டவன். உடலை அங்கேயே அடக்கிவிட்டார்களாம். அவன் மனைவி ஷம்ஸோ பள்ளிவாசல் ஷேக்கிடம் போய், ஊர் கூடி இறந்தவனுக்கான ஜனாஸா தொழுகை நடத்த வேண்டும் என்று கேட்டாள். ஷேக் கெட்டவர் இல்லை. கடத்தல் காசோடு ஊருக்குள் வந்த துப்பாக்கியையும் குடியையும் பார்த்து நொந்துபோனவர். கொள்ளைக்காரனுக்குத் தொழுகை நடத்த நான் முன்னால் நிற்க மாட்டேன், வீட்டில் நாலு பேர் தொழுதுகொள்ளுங்கள் என்றுவிட்டார்.

ஷம்ஸோ நேராக என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, அவர் மொதமொதல்ல எதுக்குத் துப்பாக்கி எடுத்தார்னு உங்களுக்குத் தெரியும். ஷேக் முன்னாடி வந்து சொல்லுங்க. கிணத்தடியில எம் பொண்ணைத் திருடன் மகள்னு கூப்பிடுறாங்க. ஊர் கூடித் தொழுதுட்டா அந்த வாய் மூடிடும்."

வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "எதையும் கூட்டாம சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும், வழக்குப் பேசும் வேலமரத்தடியில் உட்கார்ந்தோம். பெண்கள் சற்றுத் தள்ளிச் சுவரோரம். ஷிர்வா வந்து யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு ஓரத்தில் குந்தினான். நான் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டாமல் பேச ஆரம்பித்தேன்.

அரசாங்கம் உடைந்து சிதறிய பிறகு எங்கள் கடலுக்குக் காவல் இல்லை. அந்நியக் கப்பல்கள் கல்யாண வீடு மாதிரி விளக்குப் போட்டுக்கொண்டு கரையோரமே வந்து கடலடியைச் சுரண்டின. அதுவரை ஒரு படகுக்கு நாற்பது மூட்டை சிங்கி இறால் கிடைக்கும் என்றேன். ஷேக் என்னைப் பார்த்தார். நாலு மூட்டை என்று திருத்தினேன். பிறகு அந்த நாலும் போயிற்று. ஊரிலிருந்து ஒரு நாள் தூரத்தில், ஆளில்லாத ஒரு குடாவில் நாங்கள் ஐந்து பேர் முகாம் போட்டிருந்தோம். ஷிர்வாவின் இளைய மகன் அயான்லே விடியற்காலை வலைக்குப் பக்கத்தில் சிறு படகில் படுத்திருந்தான். ஒரு கப்பல் வலையோடு படகையும் ஏறி மிதித்துக்கொண்டு போயிற்று. நிற்கவே இல்லை. பாதிப் படகு கிடைத்தது. அயான்லே கிடைக்கவில்லை.

குலேத் அன்றே துப்பாக்கி வாங்க வேண்டும் என்று குதித்தான். எங்களோடு இருந்த முதியவர் ஹாஷி அவனை உட்காரவைத்தார். ஒரு ஆணைக் கொன்றால் ஈடு நூறு ஒட்டகம். கொன்றவனின் குலத்துப் பெரியவர்கள் வந்து மரத்தடியில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். பாட்டன் காலத்து முறை. "குலமில்லாத மனுஷன் உண்டாடா? அந்தக் கப்பல்காரனுக்கும் அப்பன் பாட்டன் இருப்பான்," என்றார். இன்னொன்றும் சொன்னார். நம் கடலில் நிற்பதால் அவர்கள் நம் விருந்தாளிகள். விருந்தாளிக்கு இறைச்சி கொடுக்காமல் வழக்கை எடுக்கக் கூடாது.

அப்படித்தான் மீதி நாலு பேரும் துடுப்பில் வெள்ளைத் துணி கட்டி, முகாமில் சாப்பாட்டுக்கு வைத்திருந்த கிடாயை நடுவில் போட்டுக்கொண்டு போனோம். கிடா வழி நெடுக என் மடியில் வாந்தி எடுத்தது. அயான்லேயை மிதித்த அதே கப்பல் குடாவுக்கு வெளியே வலை போட்டு நின்றது. அதன் அடியில் படகை நிறுத்தியதும் ஹாஷி தள்ளாடி எழுந்தார். தன் பெயர், தகப்பன் பெயர், அவன் தகப்பன் பெயர் என்று பதினாலு தலைமுறையை மூச்சு விடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, இனி நீங்கள் சொல்லுங்கள் என்று மேலே பார்த்துக்கொண்டு நின்றார். மஞ்சள் உடுப்புப் போட்டவர்கள் குனிந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒரு கொக்கி இறங்கிற்று. கிடாயை மாட்டித் தூக்கிக்கொண்டார்கள்.

"வாங்கிட்டாங்கடா," என்று ஹாஷி என் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தார். "இனி பேசித்தான் ஆகணும்."

பெரிய தொண்டை என்னுடையது. நூறு ஒட்டகம் என்று நான்தான் கத்தினேன். பதிலுக்கு மேலிருந்து கொதிக்கிற தண்ணீர் வந்தது. குழாய் வைத்துப் பீய்ச்சினார்கள். ஹாஷிக்கு முகத்தில், எனக்கு முதுகில். ஹாஷி பதினோராம் நாள் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து குலேத்தின் கையில் துப்பாக்கி இருந்தது.

நான் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினேன். கூட்டத்தில் யாரோ, அது முகாமில் தேநீர்க் கொப்பரை கவிழ்ந்த தழும்புதானே, ஷிர்வா அன்றைக்கே சொன்னானே என்றார்கள். சிலர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நாற்பது வருடம் நான் விதைத்தது.

ஷேக் சிரிக்கவில்லை. குலேத்தும் கூட்டாளிகளும் முதலில் பிடித்தது வலைக் கப்பல், சரி. பிறகு கோதுமைக் கப்பலையும் எண்ணெய்க் கப்பலையும் பிடித்தார்களே, கோதுமை ஏற்றி வந்தவன் யார் வலையை அறுத்தான் என்று கேட்டார். எனக்குப் பொய்யாகக்கூட ஒன்றும் தோன்றவில்லை.

"அவன் கடைசியா செஞ்சதை நான் நியாயம்னு சொல்ல மாட்டேன்," என்றார் ஷேக். "ஆனா நியாயம் கேட்டுப் போய்ச் சுடுதண்ணி வாங்கிட்டு வந்தவன்னா, அவன் திருடனாப் பொறக்கல. அதுக்கு ஒரு சாட்சி போதாது. அதுவும் கஹியே சாட்சி. ஷிர்வா, போனது நாலு பேருங்கிறான். ரெண்டு பேர் இல்ல. மிச்சம் நீர்தான். நீர் ஆமான்னா இப்பவே எழுந்து முன்னால நிக்கிறேன்."

ஷிர்வா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு கிழித்தான்; காலால் அழித்தான். சுவரோரத்திலிருந்து ஷம்ஸோ எழுந்து நின்றாள்.

"மாமா," என்றாள்.

காற்று மரத்தின் உலர்ந்த நெற்றுகளை ஆட்டிக்கொண்டிருந்தது.

"கொப்பரை கவிழ்ந்ததுன்னு சொன்னது நான்தான்," என்றான் ஷிர்வா. "கரைக்கு வந்து ஹாஷி மூஞ்சிக்கு நெய் தடவுறேன். தோல் கையோட வருது. குலேத் பக்கத்துல நின்னு அழுறான். சின்னவனையும் குடுத்தாச்சு, கிடாவையும் குடுத்தாச்சு, இனிமே வெறுங்கையோட போகாதேடான்னு சொன்னேன். பெத்த வாயால சொன்னேன். அவன் அதைத்தான் செஞ்சான்."

ஷிர்வா முதல் முறையாக என் பக்கம் திரும்பினான்.

"நாம அங்க போகவே இல்லேன்னா, நான் அப்படிச் சொல்லவும் இல்லேன்னு ஆயிடும்னு நெனச்சேன் கஹியே. போனோம். நீ சொன்னது அத்தனையும் நடந்துச்சு."