சுவரை வெட்டும் கோடு

“ஒரு கோடுதானேம்மா, கொஞ்சம் வளைச்சு விடு,” என்றார் மாமனார், தண்ணீர் கேட்கிற குரலில்.

சாப்பாட்டு மேசையில் மருமகளின் மடிக்கணினி திறந்திருந்தது. சாலை வடிவமைக்கும் மென்பொருளில், புதிய சாலையின் கோடு தெருக்கோடிச் சுவரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அந்தப் பக்கத்துக் குடியிருப்புக்குள் போனது. இன்று அவள் அனுப்புகிற வரைபடம்தான் வேலைக்குப் போகும். அந்தப் பக்கத்து ஆட்களின் காலடி இங்கே படக்கூடாது என்றுதான் தெருக்காரர்கள் சுவரை எழுப்பினார்கள். நாசூக்காக அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

மாமனாருக்கு இன்னொரு பயமும் இருந்தது. மருமகள் அந்தப் பக்கத்துப் பெண். மகன் ஒற்றைக்காலில் நின்றதால், பெண் தூரத்து ஊர்க்காரி, பெற்றவர்கள் இல்லாதவள் என்று சொல்லிக்கொள்ளும் நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டார்கள். அவளுக்கு அப்பா உண்மையிலேயே இல்லை. அம்மாவைத்தான் சாகடிக்க வேண்டியிருந்தது. கூடத்தில் அம்மாவின் படம் ஏறியது. மாமியார் தன் கையாலேயே தினமும் அதற்கு விளக்கேற்றினார். கூப்பிடு தூரத்தில், சுவருக்குப் பின்னால், அந்த அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லாததால் பொய் நிலைத்தது. சுவர் இடிந்தால் நிலைக்காது.

அன்றைக்குச் சரி என்று தலையாட்டியவர்களில் மருமகளும் ஒருத்தி. அதை நினைத்தால் அவளுக்கே தன்மேல் வெறுப்பு வரும். விளக்கேற்றிய பிறகு அவள் கூடத்தைத் தனியாகக் கடக்கமாட்டாள். செத்தவர்கள் படத்திலிருந்து பார்ப்பதைத் தாங்கிக்கொள்ளலாம். உயிரோடிருப்பவள் பார்ப்பதை எப்படித் தாங்குவது?

கோட்டை இழுத்து வளைத்தாள். வளைவு குறுகல், வண்டிகளுக்கு ஆபத்து என்று மென்பொருள் எச்சரித்தது. சாலையில் வண்டிகளுக்கான வேகத்தைக் குறைத்துப் போட்டால் அது வாயை மூடிக்கொள்ளும் என்பதும் அவளுக்குத் தெரியும். வளைத்த கோடு சுவரைத் தொடாமல் போகிறதா என்று பார்க்க, அடியில் இருந்த, டிரோன் மேலே பறந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முற்றம். கொடியில் ஈரத்துணி. நடுவில் ஒருத்தி அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். முகம் தெளிவில்லை. இடுப்பில் கைவைத்து நிற்கும் அந்த நிற்பு போதுமாக இருந்தது. மேலே பறப்பது மகளின் அலுவலகத்திலிருந்து வந்தது என்று தெரிந்தவள்போல அவள் நின்றிருந்தாள்.

மருமகள் எழுந்து போய்க் கணவனிடம் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். அப்பா சொல்வதில் என்ன தப்பு என்று அவன் அறைச்சுவரைப் பார்த்துச் சொன்னான்.

திரும்பி வந்து வளைவை அழித்தாள். பழைய நேர்கோட்டையே அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

“அனுப்பிட்டேன் மாமா. நேராத்தான் போகுது.”

மாமனார் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, குடும்ப மானம் போச்சே என்று வாய்விட்டு அழுதார். அழுகை தெருவுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஈரக்கையோடு ஓடிவந்து வாசலிலேயே நின்றாள்.

“என்னாச்சு? யாராவது தவறிட்டாங்களா?”

மாமியார் சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“யாரும் தவறலக்கா,” என்றாள் மருமகள். “எங்கம்மா உயிரோட இருக்காங்க. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்.”