எந்தப் பக்கத்திலும் இல்லாத அடி

நோன்பு மாதம் அணுகிக்கொண்டிருந்தது. காஜிமார் தெருவை ஒட்டிய சந்தில் வீடுகள் ஒவ்வொன்றாக வெள்ளையடித்துக்கொண்டன. ஈரச் சுண்ணாம்பின் வாசனை அவசரமின்றிச் சாளரந்தோறும் நுழைந்து வெளியேறியது. நிலோபரும் தன் வீட்டைப் புதுக்கினாள். பாய்கள் வெயிலுக்குப் போயின, திரைச்சீலைகள் தோய்க்கப்பட்டன, சமையலறைத் தகர டப்பாக்கள் புளியால் விளக்கப்பட்டு மின்னின. எல்லாம் முடிந்தபின், மேசைமேல் இருந்த கணினி ஒன்றே பழையதாக எஞ்சியது.

நிலோபரின் தொழில் நூல்களுக்குப் பக்கம் கோப்பது. சுட்டியால் இழுத்து ஒட்டும் வகையன்று. டெக் என்னும் மென்பொருளில், ஒவ்வோர் அடியும் எங்கே நிற்கவேண்டும் என்று எழுத்தாலேயே சொல்லிக் கோக்கும் வகை. அந்த மென்பொருள் ஆயிரக்கணக்கான சிறு தொகுப்புகளால் ஆனது. ஒன்று எழுத்துருவைக் கவனிக்கும். ஒன்று அடிக்குறிப்பைத் தாங்கும். ஒன்று செய்யுளின் அடிகளைச் சிதறாமல் காக்கும். அவற்றை வரவழைப்பதும் புதுப்பிப்பதும் விலக்குவதும் கறுப்புத் திரையில் தட்டும் ஒற்றை வரிக் கட்டளையால் நடக்கும்.

அன்று பிற்பகல் அவள் எல்லாத் தொகுப்புகளையும் புதுப்பிக்குமாறு கட்டளையிட்டாள். பாதி அச்சேறிய நூல் கைவசம் இருக்கையில் அப்படிச் செய்யலாகாது என்பது அவள் அறியாததன்று. ஆயினும் நோன்புக்கு முன் வீட்டில் பழையது எதுவும் தங்கக்கூடாதென்ற வழக்கம் அறிவை முந்திக்கொண்டு விரலில் இறங்கிவிட்டது.

தொகுப்புகளின் பெயர்கள் திரையில் இறங்கத் தொடங்கின. மலைமேல் பெய்த மழை ஒரு சுனையை நிரப்பி, வழிந்து, அடுத்த சுனையைத் தேடுவதுபோல ஒன்று முடிந்தபின் ஒன்று. நாற்காலியில் சாய்ந்திருந்த நிலோபரின் இமைகள் கனத்தன. எழுத்துகள் யாவும் புத்தாடை உடுத்துப் பள்ளிவாசல் முற்றத்தில் வரிசையாக நிற்பதாகக் கண்டாள். வரிசையில் ஓரிடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே நிற்கவேண்டியது யார் என்று கேட்க வாயெடுக்கையில் விழித்துக்கொண்டாள். திரை அமைதியாக இருந்தது.

கைவசம் இருந்த நூல் லத்தீபாவினுடையது. லத்தீபா அதே சந்தில் வாழ்பவர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இறைவனை இறைஞ்சும் நூறு வெண்பாக்களை அந்தாதியாகத் தொடுத்திருந்தார். ஒன்றின் முடிவே அடுத்ததன் தொடக்கம். நோன்பு இரவுகளில் பெண்கள் கூடி ஓதுவதற்கென அந்நூல் விரைந்துகொண்டிருந்தது. பதினாறு பக்கம் கொண்ட பெருந்தாளான ஃபாரங்களில் முதல் ஆறு, அதாவது தொண்ணூற்றாறு பக்கங்கள், கப்பலூரில் பால்பாண்டியின் அச்சகத்தில் அடித்து முடிந்து அடுக்கப்பட்டிருந்தன. லத்தீபாவின் கடைசித் திருத்தங்கள் காலையில்தான் வந்தன. அவற்றைச் சேர்த்து மீதிப் பாதியைக் கோத்துக் கொடுப்பதே எஞ்சிய வேலை.

நிலோபர் கோத்தாள். தொண்ணூற்றேழாம் பக்கத்தைத் திறந்தாள். அச்சகம் அனுப்பியிருந்த மாதிரித் தாள்களில் கடைசியை எடுத்து அருகில் வைத்தாள். தாளின் அடியில் நாற்பத்தொன்பதாம் வெண்பா மூன்றடியோடு நின்றிருந்தது:

வானம் வறண்டு வயல்வெடித்த நாளிலுமுன்
தானம் தவறாத தன்மையினால் – ஈனனேன்
கேட்குமுன் நல்கிக் கிணறூற வைத்தவா

திரையில் தொண்ணூற்றேழாம் பக்கமோ ஐம்பதாம் வெண்பாவோடு தொடங்கியது. நான்காம் அடி இரண்டிலும் இல்லை.

அவள் கணவன் யூனுஸ் வண்டிச் சாவியைச் சுழற்றியபடி உள்ளே வந்தான்.

"பால்பாண்டி அண்ணே போன் மேல போன் போடுறாக. மெஷினத் தொடச்சு வச்சிட்டு நிக்கிறாகளாம். இன்னைக்கு விட்டா நாளைக்குத் திருவிழா நோட்டீஸ் ஏத்திருவாராம். நோன்பு முடிஞ்சுதான் நம்மளத் திரும்பிப் பாப்பாரு. பென்டிரைவ்ல ஏத்திட்டியா?"

"ஒரு வரியக் காணோங்க."

"வரி எங்க போகும்? கட்டிலுக்கு அடியில பாத்தியா?"

அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு அவன் அருகில் வந்தான். புதுப்பித்த தொகுப்புகளுள் ஒன்று நூலின் தொடக்கத்தில் ஓரடி இடத்தை மிச்சப்படுத்தியிருந்தது. கணினியின் கணக்கில் அந்த நான்காம் அடி தொண்ணூற்றாறாம் பக்கத்துக்குள் ஏறிவிட்டது. கப்பலூரில் கிடக்கும் தாளுக்கு அது தெரியாது.

"இம்புட்டுத்தானா? அந்த ஒரு வரிய மட்டும் கையால தூக்கி இந்தப் பக்கத்துல வையி."

"வச்சிரலாம். ஆனா முதல் பாதிப் பக்கம் அம்புட்டும் உள்ளுக்குள்ள நகந்திருச்சே. கடைசியில வர்ற பாட்டு அட்டவண அங்கங்க பொய் சொல்லும். ஓதுறவுக தேடுற பக்கத்துல பாட்டு இருக்காது."

"அப்ப இன்னொருக்கா அப்டேட் போடு. கெடுத்தவன் இந்நேரம் சரி பண்ணிருப்பான்."

அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. கட்டளையைத் தட்டினாள். எண்டர் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. புதுப்பிக்கும்போது பழைய வடிவம் ஒன்றை ஓரமாக எடுத்து வைக்கும் வழக்கம் அந்த மென்பொருளுக்கு உண்டு. ஒன்றே ஒன்றுதான். இப்போது இன்னும் புதியது ஏதேனும் வந்திறங்கினால், ஓரத்தில் இருப்பதும் வெளியேறிவிடும். அவள் விரலை மெல்ல மடக்கிக்கொண்டாள். தட்டிய எழுத்துகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள்.

லத்தீபா வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்தார். யூனுஸ் நடந்ததைச் சொன்னான். அவர் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"அந்த வெண்பாவே போகட்டும்னு அல்லா நெனைக்கிறானோ என்னமோ," என்றார். "நிலோ, நான் வேணா அம்பதாவத வேற சொல்லுல ஆரம்பிச்சுத் தரட்டா? 'வைத்தவா'ன்னு நிக்கிதுல்ல, அதுலருந்து புடிச்சுக்கிறேன். வெண்பா மூணடியில நிக்கட்டும்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் தாழ்ந்துவிட்டது. வெண்பாவை மூன்றடியில் நிறுத்துவது கூரையின் நான்காம் காலை எடுத்துவிட்டு நிற்கச் சொல்வது என்று அவரைவிட அறிந்தவர் அங்கு எவருமில்லை.

"நீங்க ஒரு எழுத்தும் மாத்தக்கூடாது அக்கா. மாறுனது நீங்க இல்ல. ஒரு டீ குடிக்கிற நேரம் குடுங்க."

"டீயப் போட்டுட்டுச் சொல்லலாம்ல," என்றார் லத்தீபா. யூனுஸ் அடுப்படிக்குப் போனான்.

நிலோபர் மீட்டெடுக்கும் கட்டளையை இட்டாள். ஓரத்தில் காத்திருந்த பழைய வடிவங்கள் வரிசையாகத் தோன்றின. செய்யுளைக் காக்கும் தொகுப்பின் பெயரைச் சுட்டி, அதன் முந்தைய எண்ணைத் தந்தாள். அது திரும்பி வந்தது. நூலைக் கோக்கச் சொன்னாள், பாதியில் நின்றுவிட்டது. பழையதற்குப் புதிய துணையோடு பேசத் தெரியவில்லை என்பதே திரை சொன்னதன் பொருள். அடிக்குறிப்பைத் தாங்கும் தொகுப்பையும் அதன் முந்தைய நிலைக்கு அழைத்தாள். மீண்டும் கோக்கச் சொன்னாள்.

பக்க எண்கள் திரையில் மெல்ல ஏறின. வெளியே யாரோ ஏணியை நகர்த்தினார்கள். வெள்ளையடித்த எதிர்ச்சுவரில் பட்ட மாலை வெயில் அறைக்குள் திரும்பி, டீயோடு திரும்பிய யூனுஸ் உட்பட மூவர் முகத்திலும் பாலைப் போலப் படிந்தது. அந்த ஒளியில் காலம் முன்னே போகிறதா பின்னே வருகிறதா என்று நிலோபருக்குத் தெளியவில்லை. அகன்றவை யாவும் இப்படி எங்கோ ஓர் ஓரத்தில், பெயர் சொல்லி அழைக்கப்படும்வரை, காத்திருக்கின்றனவோ என்று எண்ணினாள்.

தொண்ணூற்றேழாம் பக்கம் திறந்தது.

வாட்டமிலா உன்னருளே வான்.

அதன் கீழே ஐம்பதாம் வெண்பா 'வான்' என்றே தொடங்கி நின்றது. நிலோபர் உடனே மகிழவில்லை. தொண்ணூற்றாறு பக்கங்களையும் அச்சுத் தாள்களோடு ஒத்துப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கத்தின் முதலடியையும் கடைசியடியையும் லத்தீபா படிக்க, அவள் திரையில் விரலோட்டினாள். எதுவும் நகர்ந்திருக்கவில்லை. மீட்ட இரண்டு தொகுப்புகளையும் இனிப் புதுப்பிப்பில் சேர்க்கவேண்டாமென்று விலக்கி எழுதிவைத்தபின்தான் நூலைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள்.

"கப்பலூருக்குப் போறேன்க்கா. துவா செய்யிங்க, டிராபிக் இருக்கக்கூடாதுன்னு," என்று யூனுஸ் பறந்தான்.

இரவுத் தொழுகைக்கான இஷா பாங்குக்குச் சற்று முன் போன் வந்தது. இயந்திரத்தின் இரைச்சலே முதலில் கேட்டது, பிறகு யூனுஸ்.

"ஏழாவது ஃபாரம் எறங்கிருச்சு நிலோ! பால்பாண்டி அண்ணே கையில வச்சிருக்காரு!"

லத்தீபா போனை வாங்கிக்கொண்டார். "பக்கத்து உச்சியில என்ன இருக்குன்னு படிடா."

"வாட்டமில்லாத உன்னருளே வான்!"

"'வாட்டமிலா'டா! தளைய முறிக்காத!"

பின்னால் பால்பாண்டியின் குரல் எழுந்தது: "பாய், வரி சரியாத்தான்யா இருக்கு, நீதான் தப்பாப் படிக்கிற. அக்கா, ஓட்டவா?"

அதற்கு விடை சொல்லவேண்டியவர் தானல்ல என்று லத்தீபாவுக்குப் பட்டது. போனை நிலோபரிடம் நீட்டினார்.

"ஓட்டுங்கண்ணே," என்றாள் நிலோபர்.